அப்பாவுக்கு நெகட்டிவ், எனக்கு ஃப்ளைட்

2021 தீபாவளிக்கு மன்னார்குடி வந்துட்டு துபாய் திரும்பிப் போன கதைய இதுவரைக்கும் ஒரு 50 பேருக்கு சொல்லியிருப்பேன், வாய் வலிக்குது, எழுதியே வச்சுடறேன்.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில கொரோனாவால இந்தியாக்காரங்க வரவேணாம்னு கதவ சாத்தின அமீரகத்துக்காரங்க, ஆகஸ்ட் 5-லதான் எங்கள மாதிரி அங்க வேலை பாக்கறவங்கள உள்ள விட ஆரம்பிச்சாங்க. அதுக்கு ஜிடிஆர்எஃப்ஏ, அதாவது துபாய் குடியேற்றத் துறைகிட்ட அப்ரூவல் வாங்கணும். ஃப்ளைட்டுக்கு முன்னாடி 48 மணி நேரத்துக்குள்ள ஆர்டிபிசிஆர் கொரோனா டெஸ்ட் எடுக்கணும், அந்த மணிக்கணக்கு ரிப்போர்ட் வந்த நேரத்துலேருந்து இல்ல, மூக்குல குச்சிய விட்ட நேரத்துலேருந்து. ரிப்போர்ட்ல கியூஆர் கோடு இருக்கணும். இதெல்லாம் போக ஏர்போர்ட்லயே சீக்கிரம் ரிசல்ட் வர்ற ராபிட் பிசிஆர், முதல்ல ஃப்ளைட்டுக்கு முன்னாடி 4 மணி நேரத்துக்குள்ளனு சொல்லி அப்புறம் மனசிறங்கி 6 மணி நேரம் ஆக்கினாங்க. துபாய்ல இறங்கினதும் இன்னொரு தடவ குச்சி.

எனக்கு ஃப்ளைட் ஞாயித்துக்கிழமை விடிகாலை 4 மணிக்கு. அப்டினா வெள்ளிக்கிழமை விடிகாலை 4-க்கு முன்னாடி எடுத்தா செல்லாது. வியாழக்கிழமை தீபாவளி, வெள்ளிக்கிழமையும் கவர்மெண்ட்ல லீவு விட்டுட்டாங்க, ஊர்ல இருந்த லேப்ல ஒரே ஒரு தம்பிதான் வருவேன்னு சத்தியம் பண்ணியிருந்தான். இதுல தீபாவளி அன்னைக்கு அம்மா விடியறதுக்கு முன்னாடி தலையில அரைக்கிண்ணம் நல்லெண்ணெய தேச்சு உக்கார வச்சு, நானும் ஈரத்தலையோட வாசல்ல நின்னு அக்கா பசங்களோட வெடி போட்டு, சாயங்காலத்துக்குள்ள மூக்கு ஒழுக ஆரம்பிச்சிருச்சு. எனக்கு வயித்துல புளியக் கரைக்குது. அம்மா கூலா, "அது கொரோனாலாம் இல்லடா, எண்ணெ குளிர்ச்சி, லேகியம் இன்னும் ஒரு உருண்டை சாப்டு"ங்கறாங்க.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைலேருந்து 12. லேப் தம்பி வந்ததே 10:20-க்கு, அதுக்கும் தூக்கக் கலக்கத்துல. அம்மா போன் மேல போன், "பத்தரைக்குள்ள குத்திடச் சொல்லுடா". அமீரகத்துக்கு 48 மணி நேரம், அம்மாவுக்கு பத்து நிமிஷம், ரெண்டுக்கும் நடுவுல என் மூக்கு. 10:27-க்கு குச்சி உள்ள போச்சு, கண்ணுல தண்ணி கொட்டுது, 900 ரூபா கட்டினேன். என் இந்திய நம்பர் ரீசார்ஜ் இல்லாம செத்து கெடந்ததால அப்பா நம்பர குடுத்துட்டு வந்தேன். அந்த எடத்துலதான் சனி உக்காந்திருந்துச்சு.

சனிக்கிழமை ராகுகாலம் 9 மணிக்கு ஆரம்பம், அதனால எட்டே முக்காலுக்கே கார்ல ஏத்தி விட்டுட்டாங்க, ரிப்போர்ட் இன்னும் வரல. கும்பகோணம் தாண்டியாச்சு, பண்ருட்டி தாண்டியாச்சு, விக்கிரவாண்டி டோல்கேட்ல நிக்கறப்ப அப்பா என் துபாய் நம்பருக்கு வாட்ஸ்அப் கால் பண்றாரு. குரல்ல அவ்ளோ சந்தோஷம். "தம்பி, எனக்கு நெகட்டிவாம்டா!"

உங்களுக்கு எதுக்குப்பா டெஸ்ட்டுனு கேட்டுட்டு அனுப்பச் சொல்லி பாத்தா, பேரு அப்பா பேரு, வயசு 67, பாஸ்போர்ட் நம்பர் மட்டும் என்னோடது. அப்பா மாசாமாசம் அதே லேப்ல சுகர் டெஸ்ட் எடுக்கறவரு, போன் நம்பர தட்டினதும் கம்ப்யூட்டர் அவர தூக்கிட்டு வந்து நிறுத்தியிருக்கு, தூக்கக் கலக்கத்துல தம்பி பாஸ்போர்ட் நம்பர மட்டும் புதுசா அடிச்சிருக்கான். போன் பண்ணா, "அண்ணே, இனிஷியல விரிச்சா உங்க பேர்லயும் அப்பா பேரு வருதுல்ல, விட்ருவாங்கண்ணே"ங்கறான். தம்பி, வயசு 67-ய எப்டிடா விரிக்கறது?

ஒரு வழியா கெஞ்சி மாத்த வச்சு, திண்டிவனத்துல தொறந்திருந்த ஒரே ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்தா, கியூஆர் கோடு சாம்பல் பூசின கோலம் மாதிரி வருது, போன்ல ஸ்கேன் பண்ணா ஒண்ணும் தொறக்கல. கடைக்கார அக்கா அசரவே இல்ல, மெஷின தொறந்து டோனர உருவி, புளிக்குழம்புக்கு மசாலா டப்பாவ தட்டற மாதிரி ரெண்டு தட்டு தட்டி திரும்ப சொருகினாங்க. அடுத்த பிரிண்ட் கன்னங்கரேல்னு வந்துச்சு. "எத்தன காப்பி?"ன்னாங்க, அஞ்சு எடுத்தேன், பத்து ரூபாதான், இந்த மொத்த பயணத்துல மனசார குடுத்த காசு அது ஒண்ணுதான்.

மீனம்பாக்கம் போறதுக்குள்ள மழை புடிச்சிருச்சு. சாதா மழை இல்ல, மறுநாள் காலையில நுங்கம்பாக்கத்துல 20 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சிருக்குனு சொன்னாங்களே, அந்த ராத்திரி. நனைஞ்ச சட்டையோட ராபிட் பிசிஆர் வரிசைல நிக்கறேன். இதுக்கு ஊர்ல கட்டினத விட மூணு மடங்குக்கும் மேல காசு. ஏசி காத்து மூஞ்சில அடிக்குது, தும்மல் வருது, அடக்கறேன், கண்ணு பிதுங்குது, மாஸ்க்குக்குள்ளயே ஒண்ணு போட்டேன் பாருங்க, எனக்கு முன்னாடி நாலு பேரு பின்னாடி நாலு பேரு காணோம். முன்னாடி இருந்த பரமக்குடி அண்ணன் மட்டும் அசையாம நின்னு, "எண்ணெ தேச்சு குளிச்சியா?"ன்னாரு. மனுஷன கட்டிப் புடிச்சிருப்பேன், சமூக இடைவெளி தடுத்துருச்சு.

10:20-க்கு ரெண்டாவது குச்சி. ரிசல்ட் வர்ற வரைக்கும் சேர்ல உக்காந்து கணக்கு போடறேன், 4 மணி ஃப்ளைட்டுன்னா 5 மணி 40 நிமிஷம், 20 நிமிஷம் கையில இருக்கு. மழையால லேட் ஆனா? பரமக்குடி அண்ணன், "லேட்டானா திரும்ப குத்துவாங்க தம்பி, காசும் திரும்ப"னு அவர் பங்குக்கு பீதிய கெளப்பறாரு. ரெண்டு பேருக்கும் நெகட்டிவ் வந்துச்சு. அப்புறம் போர்டுல 4:15-னு மாத்தினாங்க. அஞ்சு நிமிஷத்துல தப்பிச்சேன். நெஜமாவே திரும்ப குத்தியிருப்பாங்களானு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது, கவுண்டர்ல கேக்க தைரியம் வரல, கேட்டா அவங்களுக்கு ஞாபகம் வந்துருமே.

துபாய்ல மூணாவது குச்சி. அந்த ஆளு ரெண்டு செகண்ட்ல முடிச்சிட்டான், என் மூக்கும் அதுக்குள்ள பழகிருச்சு, தானா தலைய அண்ணாந்து காட்டுது. ரூமுக்கு போயி படுத்து எந்திரிச்சா நெகட்டிவ்னு மெசேஜ் வந்திருந்துச்சு, பேரு வயசு எல்லாம் நாலு தடவ படிச்சு பாத்துட்டுதான் அம்மாவுக்கு சொன்னேன்.

பத்து நாள் கழிச்சு அப்பா அதே லேப்ல மாசாந்திர சுகர் டெஸ்ட் எடுத்தாரு. ரிப்போர்ட் என் பேர்ல, என் வயசோட, கீழ பாஸ்போர்ட் நம்பர், கியூஆர் கோடு எல்லாம் போட்டு வந்துச்சு. ஃபாஸ்டிங் 148. "உனக்கு சுகர் ஏறியிருக்குடா, சாப்பாட்ட கொறச்சுக்கோ"ன்னு போன்ல எனக்கு அட்வைஸ் பண்ணிட்டு, அப்பா மிச்சமிருந்த அதிரசத்த எடுத்து கடிக்கற சத்தம் கேட்டுச்சு.