பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு

பெண் குழந்தைகளின் கல்விக்காக உழைக்கும் தொண்டு நிறுவனங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், எத்தனை பேரைப் பள்ளியில் சேர்த்தார்கள் என்ற கணக்கைக் கடந்து, சேர்ந்த பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதையே நான் தேடுவது வழக்கம். அந்தத் தேடலில் எனக்கு நிறைவளித்த மிகச் சிலவற்றுள் ஒன்று, ராஜஸ்தானில் சஃபீனா ஹுசைன் 2007-ஆம் ஆண்டு தொடங்கிய ‘எஜுகேட் கேர்ள்ஸ்’. 2025-இல் ரமோன் மக்சேசே விருதைப் பெற்ற முதல் இந்தியத் தொண்டு நிறுவனம் என்பதால் பலரும் இப்போது அதன் பெயரை அறிந்திருக்கிறார்கள். ஆனால் அதன் வேலைமுறை விருதைவிடக் கவனிக்கத்தக்கது.

பாலி மாவட்டத்தில் பணி தொடங்கியபோது, சிறுமிகள் பள்ளிக்கு வராததற்கான காரணங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது, ஆடு மேய்ப்பது, தண்ணீர் சுமப்பது எனப் பகல் முழுவதும் வேலை. போதாக்குறைக்கு, சிறு வயதிலேயே மணம் முடித்துவைத்து, பருவமடைந்த பின் ‘கௌனா’ நடத்திக் கணவன் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம். இவற்றையெல்லாம் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து அறிவுரை சொல்லி மாற்றிவிட முடியாது. ஆகவே அந்தந்த ஊரிலேயே படித்த இளைஞர்களும் இளம்பெண்களும் ‘டீம் பாலிகா’ என்ற பெயரில் தன்னார்வலர்களாகத் திரண்டு, வீடு வீடாகச் சென்று, பள்ளிக்கு வராத பெண் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, பெற்றோர் இணங்கும்வரை மீண்டும் மீண்டும் பேசுகிறார்கள். தன் கண்ணெதிரே வளர்ந்த பக்கத்துத் தெருப் பெண் படித்துவிட்டு வந்து கேட்கும்போது, அவளிடம் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது எந்தத் தகப்பனுக்கும் எளிதன்று என்றே நான் நினைக்கிறேன்.

இருப்பினும் என்னை மிகவும் ஈர்த்தது, 2015 முதல் 2018 வரை பில்வாரா மாவட்டத்தில் நடந்த ஒரு சோதனைதான். சுவிட்சர்லாந்து வங்கியான யுபிஎஸ்ஸின் ஆப்டிமஸ் அறக்கட்டளை முதலில் பணம் போட, குறித்த பலன் கிடைத்தால் மட்டுமே மற்றோர் அறக்கட்டளை அதனைத் திருப்பித் தரும் என்பது ஏற்பாடு. அப்படித் திருப்பித் தரும் தொகையில் 20 விழுக்காடு மட்டுமே சிறுமிகளின் சேர்க்கையைப் பொறுத்தது. மீதமுள்ள 80 விழுக்காடும் மாணவ மாணவியரின் கற்றல் முன்னேற்றத்தைப் பொறுத்தது. அதனையும் நிறுவனம் தானே அளக்கவில்லை, வெளியாரான மதிப்பீட்டாளர்கள் அளந்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் சேர்க்கை செழிப்பாக இருக்க, கற்றலோ பின்தங்கி நின்றது. பலவீனம் கண்ணுக்குத் தெரிந்ததும், பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்தும், வகுப்புக்கு வராதவர்களை வீட்டுக்கே தேடிச் சென்றும் கற்பிக்கத் தொடங்கினார்கள். மூன்றாண்டுகள் நிறைவுற்றபோது சேர்க்கை இலக்கில் 116 விழுக்காடும் கற்றல் இலக்கில் 160 விழுக்காடும் எட்டப்பட்டிருந்தன. சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் கேட்டிருந்தால், இரண்டாம் ஆண்டிலேயே எல்லோரும் கைதட்டிவிட்டு நகர்ந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

இதைவிடக் கடினமான இடம் ஒன்றுண்டு. 2010 முதல் நடைமுறையிலிருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கே பொருந்துகிறது. எட்டாம் வகுப்புக்கு முன்பே நின்றுவிட்டு இன்று பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் அங்கன்வாடி வேலைக்கோ செவிலியர் பயிற்சிக்கோ விண்ணப்பிப்பதும் அரிது. அவர்களுக்காகவே ‘பிரகதி’ என்னும் திட்டத்தை நிறுவனம் நடத்துகிறது. வீட்டுவேலைக்கு இடையே வந்து போகும்படி ஊருக்குள்ளேயே கற்றல் முகாம், வழிகாட்ட அவ்வூர்ப் பெண் ஒருவர், மாநிலத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு என்பன அதன் அமைப்பு. சஃபீனாவின் சொந்தப் படிப்பும் இளமையில் சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது என்பதால், இந்தப் பெண்களை அவர் மறக்காமல் இருந்ததில் எனக்கு வியப்பில்லை.

நன்கொடை தரும் நண்பர்கள் எந்த நிறுவனத்துக்குத் தரலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. பதினான்கு வயதைக் கடந்த பெண்களுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள், கற்றலை அளப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள் என்பேன்.