சைட் ஸ்டெப்பா, ராக் ஸ்லைடரா? குனிந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

பிக்கப் போன்ற வண்டிகளின் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் கறுப்புக் குழாய். அது ஏறி இறங்கக் கால் வைக்கும் சைட் ஸ்டெப்பாகவும் இருக்கலாம், பாறையில் இடிக்கும்போது வண்டியின் பக்கத்தைக் காக்கும் ராக் ஸ்லைடராகவும் இருக்கலாம். தள்ளி நின்று பார்த்தால் சைட் ஸ்டெப்புக்கும் ராக் ஸ்லைடருக்கும் வித்தியாசமே தெரியாது. குனிந்து, அந்தக் குழாயின் கால்கள் எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள். கதவுக்கு அடியிலுள்ள பாடித் தகட்டில் போல்ட் போட்டிருந்தால் அது சைட் ஸ்டெப். பெட்டியில் 'ஸ்லைடர்' என்று அச்சடித்திருந்தாலும் அது சைட் ஸ்டெப்தான். கால்கள் உள்ளே போய் சேஸியை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, பிடித்திருந்தால் ஸ்லைடராக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதற்குக் காரணம், சில சைட் ஸ்டெப்களும் சேஸியில்தான் மாட்டும். ஆனால் அவற்றின் பிராக்கெட் ஓர் ஆளின் எடையைத் தாங்குகிற அளவுக்கு மெல்லிய தகடு, வண்டியின் எடைக்கு அல்ல.

பிக்கப்பில் பாடி தனி, சேஸி தனி, நடுவில் ரப்பர் மவுன்ட். முன் சக்கரம் ஒரு பாறையில் ஏறி இறங்கியதும், அந்தப் பாறை அடுத்து சந்திப்பது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள கதவடிப் பகுதியை. அந்த நேரத்தில் இரண்டு டன் வண்டியின் ஒரு பக்கம் அதன்மேல் உட்காரும். சைட் ஸ்டெப்கள் பெரும்பாலும் 130 முதல் 200 கிலோ வரை தாங்கும்படி செய்யப்படுபவை. பிராக்கெட் மடங்கும், குழாய் மேலேயும் உள்ளேயும் தள்ளும், கதவடித் தகடு நசுங்கும், கதவின் கீழ் விளிம்பு உரசித் திறக்க மறுக்கும். பாறைப் பாதையில் சைட் ஸ்டெப்போடு போவதைவிட வெறும் வண்டியாகப் போவது மேல். குறைந்தபட்சம் பாறைக்கும் பாடிக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் இடைவெளியாவது இருக்கும்.

அந்த இடைவெளியை டேப்பால் அளந்துவிடலாம். தரையிலிருந்து கதவடித் தகடு வரை ஓர் அளவு, தரையிலிருந்து ஸ்டெப்பின் கீழ் விளிம்பு வரை இன்னோர் அளவு. வித்தியாசம் 100 மி.மீ. வந்தால், மேடு தாண்டும்போது வண்டியின் நடுப்பகுதியில் அவ்வளவு உயரத்தை நீங்களே விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். தாழ்வாக இருந்தால்தான் அது படி. அதே தாழ்வுதான் மேட்டில் இடிக்கும். இந்த முரண்பாட்டுக்கு மோட்டார் வைத்து மடங்கும் ஸ்டெப் ஒரு பதில்தான், ஆனால் சேறும் சரளைக்கல்லும் மூட்டுகளில் சிக்கினால் பாதியில் நின்றுவிடும். மடங்கிய நிலையிலும் அது பாறையைத் தாங்காது.

வண்டி தார்ச்சாலையையும் மண்பாதையையும் தாண்டாது என்றால் ஸ்லைடருக்குச் செலவழிக்க வேண்டாம். வயதானவர்களும் குழந்தைகளும் ஏறி இறங்கும் வண்டிக்கு அகலமான, மேலே சொரசொரப்பான தகடு உள்ள சைட் ஸ்டெப்தான் சரி. உருண்டைக் குழாய் ஈரத்தில் வழுக்கும். ஸ்லைடர் கதவடித் தகட்டை ஒட்டி உயரமாக இருப்பதால் அதில் கால்விரல்தான் பதியும். பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியே வளைந்த ஸ்லைடரில் மட்டும் ஒரு கால் முழுசாக வைக்கலாம். அந்த வளைவின் முக்கிய வேலை வேறு: குறுகலான திருப்பத்தில் மரமோ பாறையோ உரசினால் வண்டியின் பின்பகுதியை அதிலிருந்து வெளியே தள்ளிவிடும். எடையும் கணக்கு: ஒரு ஜோடி எஃகு ஸ்லைடர் 40 முதல் 80 கிலோ வரை வரும், அவ்வளவும் சுமை வரம்பிலிருந்துதான் கழியும்.

ஸ்லைடர்தான் என்று முடிவானால் முதலில் கேட்க வேண்டியது குழாயின் சுவர் தடிமன். 44 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. சுவரும் பரவலாகப் புழங்கும் அளவு. 2 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அழகுக்குத்தான். பக்கத்துக்குக் குறைந்தது மூன்று கால்கள் வேண்டும். ஒவ்வொரு காலும் சேஸியில் உட்காரும் இடத்தில் அகலமான தகடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்தச் சுமையும் ஒரு புள்ளியில் அழுத்தி சேஸிச் சுவரைக் குழியாக்கும். கால்கள் சேஸியிலிருந்து 10 முதல் 20 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் தரையிலிருந்து உள்ள கிளியரன்ஸ் (இடைவெளி) மிஞ்சும். ஸ்லைடருக்கும் கதவடித் தகட்டுக்கும் நடுவே 12 முதல் 25 மி.மீ. இடைவெளி கட்டாயம். ரப்பர் மவுன்ட்டில் பாடி அசையும், சுமை ஏறினால் ஸ்லைடரும் கொஞ்சம் மேலே வளையும். ஒட்டிப் பொருத்தினால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

மாட்டி முடித்ததும் ஒரு சோதனை. சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்லைடரின் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து ஜாக்கியால் மெதுவாகத் தூக்குங்கள். கண் அந்த இடைவெளியின் மேலேயே இருக்கட்டும். வண்டியின் எடை ஏற ஏற அது எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். சக்கரம் தரையை விடும்போதும் தகட்டைத் தொடவில்லை என்றால் நல்ல ஸ்லைடர். இதைச் செய்யும்போது வண்டிக்கு அடியில் யாரும் தலையைக்கூட நீட்டக் கூடாது. சைட் ஸ்டெப்பில் இந்தச் சோதனையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

போல்ட்டா, வெல்டிங்கா என்பதில் பலர் வெல்டிங்தான் உறுதி என்று உடனே சொல்வார்கள். உறுதிதான், ஆனால் இன்றைய சேஸிகள் பல உயர்வலிமை எஃகில் வருகின்றன. வெல்டிங் சூடு பட்ட இடத்தின் குணம் மாறும், வாரன்ட்டியும் போகலாம். சேஸியின் மேல், கீழ் விளிம்புகளின் குறுக்கே வெல்டு ஓட்டினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். தினசரி ஓட்டும் வண்டிக்கு நல்ல போல்ட் வகையே போதும். ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்தும் மாடலைத் தேடுங்கள். புதிதாகத் துளையிட வேண்டியிருந்தால், முதலில் சேஸியின் உள்பக்கம் பிரேக் லைன், எரிபொருள் லைன், வயரிங் எங்கே ஓடுகின்றன என்று விளக்கடித்துப் பாருங்கள். பெட்டி வடிவச் சேஸியின் இரு சுவர்களையும் ஊடுருவிப் போல்ட் போட்டால் உள்ளே குழாய் ஸ்லீவ் வைக்க வேண்டும். இல்லையென்றால் முறுக்க முறுக்கச் சுவர்கள் உள்வாங்கும், போல்ட்டும் இறுகவே இறுகாது.

பொருத்தும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டால் கடைசிக் காலின் துளை நேராக வராது. இடைவெளி முன்னும் பின்னும் சமமா என்று பார்த்த பிறகே டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்). தயாரிப்பாளர் தாளில் எண் இல்லையென்றால், 8.8 தர எம்10 போல்ட்டுக்குச் சுமார் 45 நியூட்டன் மீட்டர், எம்12-க்குச் சுமார் 80. 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். யு-போல்ட் இருந்தால் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பவுடர் கோட்டிங் புதிதில் அழகாக இருக்கும். ஒரு பாறை கீறியதும் அதன் அடியில் துரு பரவி, ஏடு ஏடாக உரியும். பாறைக்குப் போகும் ஸ்லைடருக்குச் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டே போதும், உரசியதும் தேய்த்து மறுபடி அடித்துக்கொள்ளலாம். குழாயின் அடியில் தண்ணீர் வடியத் துளை இல்லையென்றால் உள்ளிருந்து அரிக்கும். கழுவும்போது கால்கள் குழாயோடு சேரும் வெல்டை மட்டும் நின்று பாருங்கள். அங்கே பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். தேய்த்த பிறகும் கோடு இருந்தால் விரிசல் எஃகில்தான், அந்தப் பக்கத்தில் ஜாக்கி வைப்பதை அன்றே நிறுத்திவிட்டு ஸ்லைடரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொடுங்கள்.