ஞாயிறு காலை ஷட்டவுன்: முதலில் ஓனர் யார் என்று பாருங்கள்

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மெயின்ஃபிரேமை, அதாவது பெரிய நிறுவனங்கள் நம்பியிருக்கும் பெரிய கணினியை, பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் மூன்று சிஸ்டம், மூன்றும் சேர்ந்து இயங்கும் கூட்டான ஒரே சிஸ்ப்ளெக்ஸ். ஃபைல்களை வைத்திருக்கும் யூனிக்ஸ் ஃபைல் சிஸ்டம்கள் மூன்றுக்கும் பொது; ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு சிஸ்டம்தான் ஓனர், அதாவது பொறுப்பு. கோடையில் அவர்களுக்குச் சனி இரவு 11 மணி என்றால் நமக்கு ஞாயிறு காலை 8.30. ஷட்டவுன் வேலை அப்போதுதான் வரும்.

முதல் தடவை நான் செய்த தவறை இன்னும் மறக்கவில்லை. ஜாப்களை நிர்வகிக்கும் ஜேஇஎஸ்2 சுத்தமாக இறங்கியதும், சிஸ்டத்தைச் சிஸ்ப்ளெக்ஸிலிருந்து விலக்கும் 'வேரி எக்ஸ்சிஎஃப் ஆஃப்லைன்' கட்டளையை நேராகக் கொடுத்துவிட்டேன். சில நிமிடங்களில், ஓடிக்கொண்டிருந்த இன்னொரு சிஸ்டத்தில் ஒரு அப்ளிகேஷன் அப்படியே நின்றது. அங்கிருந்து ஃபைல் சிஸ்டம்களைப் பட்டியலிடும் 'டி ஓஎம்விஎஸ்,எஃப்' போட்டுப் பார்த்தால், அதன் லாக் ஃபைல் சிஸ்டத்தின் எதிரே 'அன்ஓன்டு', அதாவது ஓனர் இல்லை, என்றிருந்தது. அதை நோ-ஆட்டோமூவ், அதாவது ஓனர் போனாலும் வேறு சிஸ்டத்துக்கு நகராது, என்று மவுன்ட் செய்து இணைத்திருந்தார்கள். ஓனராக இருந்த சிஸ்டம் போனதும் வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த சிஸ்டம் ஐபிஎல் ஆகி, அதாவது மறுபடி பூட் ஆகி, வரும்வரை காத்திருந்ததுதான் மிச்சம்.

அப்பா பொதுப்பணித்துறையில் வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்தவர். ஒரு ஷட்டரை இறக்கும் முன், அந்தத் தண்ணீருக்கு வேறெங்கே வழி என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். அன்று எனக்கு அந்த நிதானம் இல்லை.

அடுத்த ஷட்டவுனுக்கு வியாழக்கிழமையே உட்கார்ந்துவிட்டேன். இறங்கப்போகும் சிஸ்டம் எதற்கெல்லாம் ஓனர், ஒவ்வொன்றுக்கும் ஆட்டோமூவ் என்ன என்று வரிவரியாகப் பார்த்தேன். அந்தந்த சிஸ்டத்துக்கே உரிய ஈடிசி, வார், டெம்ப், டெவ் என்ற நான்கு ஃபைல் சிஸ்டம்களும் 'யூ', அதாவது நகராமல் அன்மவுன்ட் ஆகிவிடும், அது சரிதான். லாக் ஃபைல் சிஸ்டம் மட்டும் இன்னும் 'என்', அதாவது நோ-ஆட்டோமூவ். அப்ளிகேஷன்காரர்களிடம் கேட்டுவிட்டு, செட்ஓஎம்விஎஸ் கட்டளையால் ஓனரை இரண்டாவது சிஸ்டத்துக்கு மாற்றினேன்.

ஞாயிறு காலை கரண்ட் போனது. இன்வெர்ட்டரும் போன் ஹாட்ஸ்பாட்டும் தாங்கின. அப்ளிகேஷன்களை இறக்கியபின், ஓனர்ஷிப்பை மற்ற சிஸ்டங்களுக்கு நகர்த்தும் 'எஃப் பிபிஎக்ஸ்ஓஇனிட்,ஷட்டவுன்=ஃபைல்ஓனர்' கொடுத்தேன். 'ஃபைல்சிஸ்' என்று கொடுத்தாலும் ஓனர்ஷிப் நகரும். ஆனால் 'ஃபைல்ஓனர்' கொடுத்தால், யூனிக்ஸ் மறுபடி எழும்வரை அந்த சிஸ்டம் எதற்கும் ஓனர் ஆகாது. இறங்கிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் தலையில் எதுவும் திரும்ப வந்து விழாது என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். அப்புறம் 'ஷட்டவுன்=ஃபோர்க்இனிட்'. இதைக் கொடுக்காமல் விட்டால், யூனிக்ஸ் ப்ராசஸ்களை ஓட்டும் பிபிஎக்ஸ்ஏஎஸ் இனிஷியேட்டர்கள் ஒட்டிக்கொண்டு ஜேஇஎஸ்2-வை இறங்கவிடாது.

அதற்குப் பிறகும் உடனே 'வேரி எக்ஸ்சிஎஃப்' பக்கம் போகவில்லை. இரண்டாவது சிஸ்டத்தில் நின்று மறுபடி 'டி ஓஎம்விஎஸ்,எஃப்'. ஓனர் என்ற இடத்தில் இறங்கும் சிஸ்டத்தின் பெயர் ஒரு வரியிலும் இல்லை. பிறகுதான் ஜேஇஎஸ்2-வை இறக்கினேன்; அடுத்து சிஸ்டம் பதிவுகளை எழுதி முடிக்கும் 'இசட் ஈஓடி', கடைசியாக 'வேரி'. அப்ளிகேஷன் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

ஐபிஎல் முடிந்து சிஸ்டம் வந்தபின்னும், நகர்ந்த ஓனர்ஷிப் தானாகத் திரும்பி வராது. லாக் ஃபைல் சிஸ்டத்தை மட்டும் கையால் திருப்பினேன். ஆட்டோமூவையும் 'ஒய்', அதாவது நகரலாம், என்று ஆக்கச் சொல்லி அன்றே டிக்கெட் போட்டேன்.