சின்னவனோட ஏடிஹெச்டி வைத்தியம், எங்க வீட்டு அனுபவம்

எங்க சின்னவனுக்கு எட்டு வயசு, ஊரு மன்னார்குடி பக்கம். அவனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஒரு எடத்துல நிக்காம துறுதுறுன்னு இருக்கற கொறபாடு. "குளிச்சிட்டு யூனிஃபார்ம் போட்டுட்டு பையை எடுத்துட்டு வாடா"ன்னு அனுப்புனா கால் மணி நேரம் கழிச்சு சோப்பு நொரையோட வாய்க்கா மதகுல நின்னு தண்ணி போறத பாத்துட்டு இருப்பான். மாமியார் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு வேண்டிக்கிட்டாங்க, நான் அடிச்சேன், இப்ப நெனச்சாலும் வயித்தை பெசையுது.

தஞ்சாவூர்ல கொழந்தைங்க மனநல டாக்டர பாத்தோம். மொத நாளே மாத்திரை எழுதிருவாங்கன்னு பயந்துட்டே போனா ரெண்டு ஃபாரம்தான் குடுத்தாங்க, ஒண்ணு எங்களுக்கு ஒண்ணு டீச்சருக்கு. ஏடிஹெச்டின்னு சொல்ல வீட்ல மட்டும் இப்டி இருந்தா பத்தாதாம், ரெண்டு எடத்துலயாவது இருக்கணும், ஆறு மாசமாவது இருக்கணும், 12 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். கண்ணு, காது டெஸ்டும் எடுத்தாச்சு. ஸ்கூல்லேர்ந்து அந்த ஃபாரம் வர மூணு வாரம், "ரெண்டு அடி போட்டா சரியாயிடும்மா"ங்கற டீச்சரோட அட்வைஸோட.

அப்புறம் பயிற்சி, அவனுக்கு இல்ல எங்களுக்கு! ஆறு வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்கன்னா மொதல்ல இது மட்டும்தானாம். ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான் சொல்லணும், கிட்ட போய் மொகத்த பாத்து சொல்லணும், செஞ்சா அப்பவே பாராட்டணும். டெய்லி காலண்டர்ல டிக் போட்டு, பத்து டிக் சேந்தா அப்பாவோட ஆத்துல குளிக்கலாம்னு வச்சோம். அடுத்தவங்க புள்ளைக்கு சொல்றது ஈஸி, அடுப்புல கொழம்பு கொதிக்கறப்ப எந்திரிச்சு போய் மொகத்த பாத்து சொல்றது எவ்ளோ கஷ்டம்னு எனக்குதான் தெரியும்.

மாத்திரை அதுக்கப்புறம்தான், கவனம் நிக்கறதுக்கு மெத்தில்ஃபெனிடேட்ங்கற மருந்து, 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சாங்க. சீட்டு இல்லாம தர மாட்டாங்க, இங்க நாலு கடை ஏறி எறங்கியும் இல்ல, ஒவ்வொரு மாசமும் தஞ்சாவூர் பஸ்தான், ஒரு தடவ நடவு வேலைல போக முடியாம அஞ்சு நாள் இல்லாமயே ஓட்டுனோம். மந்தமாயிடுவான்னு பயமுறுத்துனாங்க, அப்டி எதுவும் ஆகல, ஒரு பக்கம் முழுசா எழுதிட்டு என்கிட்ட காட்ட ஓடி வந்தான். ஆனா நாலு மணி நேரம்தான் தாங்குது, அதனால மதியம் ஒண்ணு டீச்சர் குடுக்கறாங்க (அடி போடச் சொன்ன அதே டீச்சர்தான்).

மாத்திரை போட்டா பகல்ல பசி எடுக்காததுதான் பிரச்சனை. டிஃபன் பாக்ஸ் அப்டியே திரும்பி வந்துச்சு, மூணு மாசத்துல ஒரு கிலோ எறங்கிட்டான். டாக்டர் ஒவ்வொரு தடவையும் எடை, ஒயரம், பிரஷர் எல்லாம் பாக்கறாங்க, வயிறு நெறைய சாப்ட வச்சிட்டு அப்புறம் மாத்திரை குடுங்கன்னாங்க. இப்ப காலைல ஆறு இட்லி, அப்புறம்தான் மாத்திரை. ராத்திரி எட்டரைக்கு பசிக்குதும்மான்னு வந்து நிப்பான், அவனுக்குன்னே தோச மாவு தனியா எடுத்து வச்சிருக்கேன்.