பதினாலு கார்டும் ஒரு இன்லேண்ட் லெட்டரும்

22 டிசம்பர் 2024, ஞாயிறு

பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினதுல பெரியப்பா அனுப்பின பொங்கல் வாழ்த்து மூணு கிடைச்சுது, கவரோட. 1991, 92, 94. வீட்டுக்கு ஒண்ணுன்னு அனுப்பவே மாட்டார், கோவில்பட்டியிலேர்ந்து எனக்கு தனி, தம்பிக்கு தனி. கவர் மேல செல்வின்னு போட்டு என் பேர் இருக்கும், போஸ்ட்மேன் வாசல்ல நின்னு அந்தப் பேரை சத்தமா கூப்பிடுவார், எட்டு வயசுல எனக்குன்னு ஒரு தபால் வருதுன்னா சும்மாவா, அன்னிக்கு பூரா அதைக் கையில வச்சுக்கிட்டே திரிவேன். பொங்கப் பானை, ரெண்டு பக்கமும் கரும்பு, ஓரமெல்லாம் ஜிகினா, இப்ப தொட்டாலும் விரல்ல ஒட்டுது. அச்சடிச்ச வாழ்த்துக்குக் கீழ நீல மையில "பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிச்சா அடிக்கரும்பு உனக்கே"ன்னு எழுதியிருக்கார்.

ஐப்பசியில பெரியப்பா போயிட்டார்.

இந்தப் பொங்கலுக்கு நான் எழுதப்போறேன். என் கையால, ஆளுக்கு ஒண்ணு.

25 டிசம்பர், புதன்

கார்டு வாங்க தெப்பக்குளம் பக்கம் போனேன். அப்பல்லாம் மார்கழி பிறந்தாச்சுன்னா பிளாட்பாரத்துல கயிறு கட்டி கிளிப் மாட்டி வரிசையா தொங்கும், முருகன், லட்சுமி, எம்.ஜி.ஆர், ரஜினி, கமல், திறந்தா பாட்டு பாடுற கார்டு வேற. இன்னிக்கு நாலு கடை ஏறி இறங்கினதுல ஒரு ஸ்டேஷனரி கடையில பழைய ஸ்டாக் ஒம்போது கார்டு இருந்துச்சு, அட்டையில தூசி படிஞ்சிருந்தாலும் படம் நல்லா இருக்கு. மீதி அஞ்சுக்கு சார்ட் பேப்பர் வாங்கிட்டேன், கோலம் போடுற கை, பானை வரைய வராதா என்ன.

29 டிசம்பர், ஞாயிறு

போன்ல நானூறு நம்பர் இருக்கு, ஒருத்தரோட வீட்டு அட்ரஸ் கூட கிடையாது. வாட்ஸ்அப்ல கேட்டா "என்ன விசேஷம், வீட்ல கல்யாணமா"ன்னு எல்லாரும் ஒரே கேள்வி, காலேஜ் ஃபிரெண்டு ஒருத்தி லொகேஷன் அனுப்பினா, அவகிட்ட திரும்ப போன் பண்ணி கதவு நம்பர் கேட்கப் போய் முக்கால் மணி நேரம் பேசிட்டோம், பேசியே ரெண்டு வருஷமாச்சு.

மீதிக்கு அம்மாவோட பழைய நோட்டு. சித்தி அட்ரஸ் மட்டும் நாலு தடவை அடிச்சு அடிச்சு எழுதியிருக்கு, வாடகை வீடு மாறி மாறி அவங்க பட்ட பாடு அந்தப் பக்கத்துல தெரியுது. சென்னை-17, மதுரை-1ன்னுதான் அம்மா எழுதியிருக்காங்க. 1972 ஆகஸ்ட் 15ல பின்கோடு வந்தப்ப அந்த 17தான் 600017 ஆச்சு, மதுரை-1 வந்து 625001. அதனால எனக்கு வேலை சுலபம். நமக்கும் கேரளாவுக்கும் முதல் எண் 6, முதல் மூணு எண்ணைப் பார்த்து எந்த ஊர் தபால் மூட்டைக்குன்னு பிரிச்சுடுவாங்க, கடைசி மூணு அந்த போஸ்ட் ஆபீசுக்கு. எல்லா கவர்லயும் ஆறு எண்ணையும் தள்ளித் தள்ளி தெளிவா எழுதினேன்.

4 ஜனவரி 2025, சனி

ராத்திரி பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் மூணு கார்டுதான் ஆச்சு. கட்டைவிரல் வலிக்குது, பேனா பிடிச்சு எத்தனை வருஷமாச்சு. இனிய பொங்கல் நல்வாழ்த்துகள் அச்சுலயே இருக்கு, அதுக்குக் கீழ நான் என்ன எழுதுறேங்கறதுதான் விஷயம். எழுதுற வரி அந்த ஆளுக்கு மட்டும் பொருந்தணும், வேற யாருக்கும் அனுப்ப முடியாதபடி இருக்கணும்னு வச்சுக்கிட்டேன். அத்தைக்கு அவங்க வீட்டு கிணத்தடி கொடுக்காப்புளி மரத்தைப் பத்தி எழுதினேன், ஃபிரெண்டுக்கு ஹாஸ்டல்ல தண்ணி வராத அன்னிக்கு ஒரே வாளியில ரெண்டு பேரும் குளிச்சு பரீட்சைக்கு ஓடினது. சித்தப்பா கார்டு முன்னாடி அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அவரைப் பத்தி எனக்கு எவ்வளவு கம்மியா தெரியுது. கடைசியில "உங்களுக்கு சின்ன வயசுல பொங்கல் எப்படி இருக்கும்னு எனக்கு எழுதுங்க சித்தப்பா"ன்னு கேட்டுட்டேன்.

6 ஜனவரி, திங்கள்

பெரியம்மாவுக்கு என்ன அனுப்புறது? அம்மா கறாரா சொல்லிட்டாங்க, "அந்த வீட்ல இந்த வருஷம் பொங்கல் கிடையாது, கார்டெல்லாம் அனுப்பாதே, மஞ்சள் கிஞ்சள் தடவிடாதே." சரிதான், துக்க வீட்டுக்கு வாழ்த்து போகக்கூடாது. ஆனா இதை ஆரம்பிச்சதே பெரியப்பாவாலதான், எல்லாருக்கும் எழுதிட்டு அவங்களை மட்டும் விடறது மனசு கேட்கல. நீல இன்லேண்ட் லெட்டர் ஒண்ணு வாங்கினேன், ரெண்டரை ரூபா. பிள்ளையார் சுழி போடலாமான்னு கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சு "நலம் விசாரிக்கற கடுதாசிதானே, போடு"ன்னாங்க.

வாழ்த்துன்னு ஒரு வார்த்தை இல்லாம மூணு மடிப்பும் நிறைஞ்சுது. பெரியப்பா கரும்பைக் கணு சீவி அடிக்கரும்பா பார்த்து எங்களுக்குக் குடுத்துட்டு நுனியை அவர் கடிப்பார், அதையெல்லாம் எழுதினேன். அட்ரஸ் எழுத பழைய கவரை எடுத்தப்பதான் கவனிச்சேன், உள்ள இருக்கற எழுத்தும் வெளிய இருக்கற எழுத்தும் வேற. கவர்ல ழ-வோட வால் நீளமா இழுத்து விட்டிருக்கு, அது பெரியம்மா எழுத்து. அதையும் கடைசி வரியா ஓரத்துல நுணுக்கி எழுதி ஒட்டிட்டேன்.

8 ஜனவரி, புதன்

போஸ்ட் ஆபீஸ். 20 கிராம் வரைக்கும் அஞ்சு ரூபா, நான் பண்ணின சார்ட் கார்டு அஞ்சும் தராசுல 20-ஐத் தாண்டிடுச்சு, அதனால பத்து ரூபா ஸ்டாம்ப். குறைச்சு ஒட்டினா குறைஞ்ச காசுக்கு ரெண்டு மடங்கு வாங்கறவங்ககிட்ட வசூல் பண்ணுவாங்க. பெரியப்பா கவரை ஒட்டவே மாட்டார், மூடியை உள்ள மடிச்சு விட்டு மேல புக் போஸ்ட்னு எழுதிடுவார், அதுக்கு அப்ப ஸ்டாம்ப் கம்மி.

16 ஜனவரி, வியாழன், காணும் பொங்கல்

பெரியம்மா போன் பண்ணினாங்க. லெட்டர் போன வாரமே வந்துடுச்சாம், கண்ணாடி மாத்தணும்னு நாலு நாள் வச்சிருந்து பக்கத்து வீட்டுப் பொண்ணை விட்டு படிக்கச் சொன்னாங்களாம். "அவ பிரிக்கறப்ப ஓரத்தைக் கிழிச்சுட்டா பாப்பா, கடைசி வரி பாதி இல்ல. 'கவர் மேல'ன்னு இருக்கு, அதுக்கு மேல என்ன எழுதினே?"

வாயால சொல்ல தயக்கமா இருந்துச்சு, சொன்னேன். "கவர் மேல என் பேரை இத்தனை வருஷமா எழுதினது நீங்கதான்னு இப்பதான் பார்த்தேன் பெரியம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அவருக்கு அட்ரஸ் எழுதப் பொறுமை எங்க இருந்துச்சு, எல்லா கவரையும் என் முன்னாடி தள்ளிட்டு சாப்பிட உட்கார்ந்துடுவார்"னாங்க. அப்புறம், "செல்வின்னு போட்டது நான்தான். அவர் வெறும் பேர் போதும்பார்."