வாய்க்குள் போவது யார் பொறுப்பு: ஒரு தாயின் நாட்குறிப்பு

2024 பிப்ரவரி 13, திருச்சி

சேனை வைக்கும் விஷயத்தில் அப்பாவுக்கும் எனக்கும் மருத்துவமனை அறையிலேயே வாக்குவாதம் வந்துவிட்டது. பிறந்த குழந்தையின் நாக்கில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைத்தால் அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதற்காகவே பெரியப்பா கொல்லிமலைத் தேனோடு பேருந்தேறி வந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியும் குரலை உயர்த்தாத மனிதர் அவர். அவருடைய குணம் என் மகளுக்கு வந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். என் ஆட்சேபம் தேனைப் பற்றியது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் பெரியவர்களின் குடலில் முளைக்காமல் வெளியேறிவிடும். ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலிலோ முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நச்சை உண்டாக்கும். அரிதாக வரும் நோய்தான். ஆனால் வந்துவிட்டால் குழந்தையால் பால் குடிக்க முடியாமல், மூச்சு விடவும் முடியாமல் போகலாம்.

அப்பா இதைக் கேட்டுவிட்டு, "நீ அதிகம் படிச்சுட்டே" என்று மட்டும் சொன்னார். சிக்கலைத் தீர்த்து வைத்தவர் பணியில் இருந்த செவிலியர். பெரியப்பாவைக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, பீய்ச்சி எடுத்த சீம்பாலில் ஒரு துளியை அவர் விரலில் விட்டு, "இதை வையுங்க ஐயா, இதைவிட நல்ல சேனை கிடையாது" என்றார். பெரியப்பா வைத்தார். அப்பா மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2024 மார்ச் 4, திருச்சி

குளிப்பாட்ட வரும் பாட்டியை நேற்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர் இந்தத் தெருவில் பல குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவர். கால்களை நீட்டிக் குழந்தையைக் கிடத்தி வெந்நீர் ஊற்றும் லாகவம் எனக்கு ஒருநாளும் வராது. ஆனால் குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுகிறார், தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுக்கிறார். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கேயே தங்கி நிமோனியாவை உண்டாக்கும் என்பதும், எண்ணெய் வழுவழுப்பாக இருப்பதால் அது உள்ளே போகும்போது குழந்தைக்கு இருமல்கூட வராமல் போகலாம் என்பதும் குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

அதே நாளில் அம்மா உரைகல்லையும் எடுத்து வைத்திருந்தார். சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவுவது வழக்கம். வசம்பின் எண்ணெயில், விலங்குச் சோதனைகளில் புற்றுநோயை உண்டாக்கிய பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968 முதல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை உள்ளது. ஜாதிக்காய் மயக்கம் தரக்கூடியது. "மருந்து கொடுத்த அன்னிக்குப் பிள்ளை எவ்வளவு நல்லாத் தூங்குது பாரு" என்று அம்மா சான்றாகச் சொல்வதே எனக்கு அச்சமாக இருக்கிறது.

அம்மாவிடம் இருக்கும் கடைசி வாதம், "உன்னையும் உன் தம்பியையும் இப்படித்தானே வளர்த்தேன், என்ன கெட்டுப்போச்சு?" என்பது. எந்த வீட்டிலும் பாட்டிமார் சொல்வது இதுதான். 1990-இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 80 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2020-இல் அது 28 ஆகவும் தமிழ்நாட்டில் 13 ஆகவும் குறைந்திருந்தது. குறைந்ததற்குத் தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், நல்ல தண்ணீர் என்று பல காரணங்கள் உண்டு. உரைமருந்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் "என்ன கெட்டுப்போச்சு" என்று கேட்க முடிவது பிழைத்த பிள்ளைகளைப் பெற்றவர்களால் மட்டுமே. என் அம்மாச்சிக்குத் தங்காமல் போன இரண்டு குழந்தைகளுக்குப் பெயர்கூட வைக்கப்படவில்லை; அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று இந்த வாதத்தில் யாரும் கேட்பதில்லை. இதைச் சொன்னதும் அம்மா அழுதார். பெற்ற அம்மாவாக இருப்பதால் இருவரும் கத்தி, அழுது, மாலையில் ஒன்றாகக் காப்பி குடித்தோம். உரைகல் பரணுக்குப் போய்விட்டது.

2024 ஏப்ரல் 24, மதுரை

மூன்றாம் மாதம் முறைப்படி அழைத்து வந்துவிட்டார்கள். இது மாமியார் வீடு. இங்கே கத்தவும் முடியாது, அழவும் முடியாது.

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். திருவிழாவுக்கு வந்த உறவினர்கள் வீடு நிறைய இருந்தார்கள். வந்தவர் ஒவ்வொருவரும், "இந்த வெயிலில் பச்சப் பிள்ளைக்குத் தண்ணி காட்டாமயா வச்சிருக்கே?" என்று கேட்க, அத்தைக்கு அவமானமாகப் போயிற்று. நான் குளித்துவிட்டு வருவதற்குள் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டிக்கொண்டிருந்தார். தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான், கோடைக்கும் அதுவே போதும், குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் உடம்பில் நீர் குறையவில்லை என்று பொருள் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். தண்ணீரால் சிறு வயிறு நிரம்பிவிட்டால் குழந்தை பால் குடிப்பது குறையும், அளவு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம் என்பதையும் சொன்னேன். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னதை அத்தை மறக்கமாட்டார் என்று தோன்றுகிறது.

2024 மே 23, மதுரை

நேற்று 14-ஆவது வாரத் தடுப்பூசி. இரவில் காய்ச்சல் அடித்தது, எதிர்பார்த்ததுதான். "சும்மா இருந்த பிள்ளைக்கு ஊசியைப் போட்டு உடம்பைச் சுட வச்சுட்டு வந்தாச்சு" என்று அத்தை மாமாவிடம் சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே சொல்லப்பட்டது.

2.8 கிலோவில் பிறந்தவள் இப்போது 5.4 கிலோ. தாய் சேய் நல அட்டையில் கோடு ஒழுங்காக மேலே ஏறுகிறது. ஆனால் அத்தையின் அளவுகோல் எதிர்வீட்டுக் குழந்தை. அது புட்டிப்பாலில் வளர்ந்து கன்னம் உப்பிக் கிடக்கிறது. என் மகள் இளைத்திருக்கிறாள், ஆகவே எனக்குப் பால் பத்தவில்லை என்பது இந்த வீட்டில் முடிவாகிவிட்டது.

2024 ஜூன் 9, மதுரை

கழுவிக் கவிழ்த்திருந்த பாலாடையில் பால் வாடை அடித்தது. மூன்று நாளாக மகளுக்கு வயிற்றுப்போக்கு. காரணம் தெரியாமல் நான் சாப்பிட்டதையெல்லாம் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கேட்டதும் அத்தை மறைக்கவில்லை. காலையில் நான் தூங்கும் நேரத்தில், கறந்து வரும் மாட்டுப்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். "நானும் மூணு பெத்தவதான்" என்றார்.

ஒரு வயதுக்குள் மாட்டுப்பால் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் செரிமானம் மட்டும் இல்லை. அதில் உள்ள புரதமும் உப்புகளும் குழந்தையின் சிறுநீரகத்துக்குச் சுமை. அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் ஏற்படுத்தி இரத்தச் சோகையில் கொண்டுபோய் விடும். தண்ணீர் கலந்தால் சத்தும் போய்விடுகிறது, அந்தத் தண்ணீரோடும் பாலாடையோடும் கிருமியும் வருகிறது.

எனக்குக் கோபம் அத்தை மீது இருந்ததைவிடக் கணவர் மீது அதிகம். அவருக்கு இது முன்பே தெரியும். "அம்மாவுக்கு எப்படிச் சொல்றது?" என்று கேட்கிறார். பாட்டியும் தாத்தாவும் தங்கள் பேச்சை மீறுகிறார்கள் என்று மருமகள்கள் குறைசொல்லும் வீடுகளில், பாதி இடங்களில் உண்மையில் வாய் திறக்காமல் இருப்பவர் மகன்தான். தன் தாயிடம் அவர் சொல்ல வேண்டிய ஒரு சொல்லை நான் சொல்லும்போது அது மருத்துவமாக இல்லாமல் மருமகளின் திமிராக மாறிவிடுகிறது.

2024 ஜூன் 28, மதுரை

குழந்தை பாலைக் கக்குகிறது என்று, நான் திருச்சிக்குப் போயிருந்த அரை நாளில், அத்தை அவளைத் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிப் போய்விட்டார். அவர் குழந்தையின் வயிற்றைத் தடவி, குழல் வைத்து உறிஞ்சி, வாழைப்பழத் துணுக்கு ஒன்றை வெளியே எடுத்துக் காட்டியிருக்கிறார். அதை ஒரு காகிதத்தில் மடித்து எனக்காகப் பத்திரமாக வைத்திருந்தார் அத்தை.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பாலைத் தவிர எதுவும் தின்னாத குழந்தையின் தொண்டைக்குள் வாழைப்பழம் எப்படிப் போனது? அத்தை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். தொக்கம் எடுத்தவர் பொய்யர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது தான் பழம் ஊட்டியதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாமா செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்துவிட்டார். அன்றிரவு கணவர் முதல்முறையாக அடுப்படிக்குப் போய்த் தன் தாயிடம் பத்து நிமிடம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

2024 ஜூலை 15, மதுரை

ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். குழந்தையின் உடம்புக்கு வெளியே இருப்பதெல்லாம் அத்தையின் அதிகாரம்: கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு, அரைஞாண் கயிறு, உப்பு மிளகாய் சுற்றிப் போடுவது, தாலாட்டு, தூளி எல்லாம். வாய்க்கும் மூக்குக்கும் உள்ளே போவது என் அதிகாரம். கண் மை எல்லைக்கோட்டில் நின்றது. கடை மைகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஏற்பாடு முதல் வாரத்திலேயே சிக்கியது. வசம்பை மணியாகக் கோத்து வளையலாகக் கையில் கட்டினார் அத்தை. வெளியில்தான் கட்டினார், ஒப்பந்த மீறல் இல்லை. ஆனால் ஐந்து மாதக் குழந்தையின் கை இருபத்து நான்கு மணி நேரமும் வாயில்தான் இருக்கிறது. வளையலைக் கழற்ற வைத்தவர் எங்கள் பகுதிக்கு வரும் சுகாதார செவிலியர். அவருக்கு அத்தையின் வயது. நான் மாதக்கணக்கில் சொன்ன அதே செய்தியை அவர் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தபடி சொன்னார். அத்தை "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டார். எரிச்சலாகத்தான் இருந்தது. போகும்போது அவர், "ஆறு மாசம் முடியட்டும்க்கா, அப்புறம் சோறு ஊட்டுறது உங்க வேலைதான், இந்தப் பொண்ணு ஆபீசுக்குப் போயிரும்" என்றார். அத்தை அன்றிலிருந்து கேழ்வரகை ஊற வைத்து, முளைகட்டி, காய வைத்து, வறுத்து, அரைக்கும் ஏற்பாட்டில் இறங்கிவிட்டார்.

2024 ஆகஸ்ட் 4, மதுரை

தாய்ப்பால் வாரம் என்று சுகாதார நிலையத்தில் பதாகை கட்டியிருக்கிறார்கள். எனக்கோ 26 வார விடுப்பு முடியப் போகிறது. பிரசவத்துக்கு முந்திய நாள் வரை வேலைக்குப் போனதே, விடுப்பு முழுவதும் குழந்தை பிறந்த பிறகு கிடைக்கட்டும் என்றுதான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்று 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் சொல்கிறது. எங்கள் அலுவலகத்தில் அந்த அறை கட்டட வரைபடத்தில் மட்டும் இருக்கிறது. ஆகவே இத்தனை மாதம் யாரோடு மல்லுக்கு நின்றேனோ அவர் கையில்தான் மகளைக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறேன்.

பீய்ச்சி எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும் குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாளும் தாங்கும், மதுரை வெயிலில் வெளியே வைப்பதே வேண்டாம், அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடேற்ற வேண்டும் என்பதை அத்தைக்குச் செய்து காட்டினேன். கடைசி விவரத்தை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

2024 ஆகஸ்ட் 11, மதுரை

ஆறு மாதம் முடிந்தது. அத்தை மடியில் உட்கார வைத்து முதல் வாய் கேழ்வரகுக் கூழ் ஊட்டினார். பாதியைத் துப்பிவிட்டாள்; அத்தை வழித்து மறுபடி ஊட்டினார். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்கக் கூடாது என்று சொன்னதற்கு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பழமொழி வந்தது. எதிர்பார்த்தேன். குழந்தைக்கு இன்னும் உப்புச் சுவை தெரியாது, குறைபடுவது நம் நாக்குதான் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாளை அலுவலகம். தண்ணீர் விஷயத்தில் இனிச் சண்டை இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு கொதித்து ஆறிய தண்ணீரைக் கொஞ்சமாகக் கொடுக்கலாம், அதில் அத்தைதான் வென்றதாக அவர் நினைத்துக்கொள்ளட்டும். மாட்டுப்பாலை அவர் இனிக் கொடுக்கமாட்டார். அந்த வயிற்றுப்போக்கைப் பார்த்தவர் அவரே. தேன் புட்டியை மாமா தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார், சாவி அவரிடம். உப்பு விஷயத்தில் மட்டும் எனக்கு அத்தை மீது ஒரு துளியும் நம்பிக்கை இல்லை. மாலையில் வந்ததும் மிச்சக் கூழை நக்கிப் பார்ப்பேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். "பாரு, பாரு" என்றார்.