நர்சுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்: தக்கலை நாட்குறிப்பு

ஜூன் 4

புதிய வகுப்பு தொடங்கியாயிற்று. எல்லாரும் நர்சிங் முடித்த பெண்கள். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் போக ஓஇடி, அதாவது மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலப் பரீட்சை, எழுதப்போகிறவர்கள். குளச்சல், குலசேகரம், திருவிதாங்கோடு, சுசீந்திரம் என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஊர்ப் பெயரை வைத்தே கூப்பிடுவது என் வழக்கம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

எல்லார் போனிலும் ஒரே பிடிஎஃப் இருக்கிறது. ஆங்கில மரபுத்தொடர்கள் நூறு. இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். மனப்பாடம் செய்துகொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். முதல் வரி, 'இட்ஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'. வெளியே அதற்கேற்ற மழைதான். ஆனால் நோயாளியிடம் போய் இதைச் சொன்னால் பழைய பாடப்புத்தகம் பேசுவது போல இருக்கும். சாதாரணமாக 'இட்ஸ் போரிங்' (pouring, கொட்டுகிறது) என்பார்கள், 'பக்கெட்டிங் டவுன்' என்பார்கள்.

அந்தத் தொடருக்கு பிடிஎஃப்பில் ஒரு கதையும் உண்டு. பழைய காலத்தில் நாயும் பூனையும் வைக்கோல் கூரைக்குள் படுத்திருக்குமாம், மழை பெய்தால் வழுக்கி விழுமாம். குலசேகரம் உடனே, "எங்க பழைய வீடு ஓலைதான் டீச்சர். மழை வந்தா பூனை அடுப்பாங்கரைக்குள்ள வரும், கூரைக்குப் போகாது" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அந்தக் கதை பின்னால் யாரோ கட்டியது. தொடர் பழையது; 1738-இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் எழுதியதில் இன்றைய வடிவிலேயே வருகிறது. எப்படிப் பிறந்தது என்பது அறிஞர்களுக்கே பிடிபடவில்லை.

ஜூன் 7

இன்று பிடிஎஃப்பை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு வார்டில் காதில் விழக்கூடியவற்றை எடுத்தோம். 'அண்டர் த வெதர்', 'ஆஃப் கலர்', 'பூர்லி' மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், உடம்பு சரியில்லை என்று அர்த்தம். 'மை டிக்கர்' என்று ஒரு தாத்தா சொன்னால் அவர் கடிகாரத்தைத் தேடவில்லை, இதயத்தைச் சொல்கிறார். 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றால் கை கால் மரத்துப்போய் ஊசி குத்துகிற மாதிரி இருப்பது. இது முக்கியம். நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம், அதனால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

'ட்ரபிள் வித் மை வாட்டர்வொர்க்ஸ்' என்றதும் சுசீந்திரம், "வீட்ல குழாய் ரிப்பேரா?" என்றாள். மூத்திரம் போவதில் தொந்தரவு என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. 'ஸ்பெண்ட் எ பென்னி' என்பதும் அந்த வகைதான். பிரிட்டனில் பொதுக் கழிப்பறைக் கதவின் பூட்டில் ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும் என்றிருந்த காலத்து வழக்கு. நாணயம் மாறி, பூட்டும் போய்விட்டது. வயதான பெண்கள் இன்னும் சொல்லக்கூடும்.

இதில் எனக்குப் பிடித்தது 'நம்பர் ஒன்', 'நம்பர் டூ'. நாம் ஒண்ணுக்கு, ரெண்டுக்கு என்கிறோமே, அச்சு அசல் அதேதான். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது திருவிதாங்கோடு கேட்டாள்: "இதெல்லாம் நாங்களும் பேசணுமா டீச்சர்?" வேண்டாம். இதெல்லாம் காதுக்கு, வாய்க்கு அல்ல. நோயாளி சொன்னால் புரிய வேண்டும். நீங்கள் பேசும்போது 'யூரின்', 'பெயின்', 'டாய்லெட்' என்று நேராகப் பேசினால் போதும்.

ஜூன் 8

கரண்ட் இல்லை. போனில் சார்ஜும் இல்லை. வகுப்பு கிடையாது.

ஜூன் 12

'கிக் த பக்கெட்'. பட்டியலில் இதற்கு எதிரே 'இறந்துபோதல்' என்று மட்டும் போட்டிருக்கிறது. இப்படிப் போடுவதுதான் எனக்கு ஆத்திரம். பொருள் சரிதான், ஆனால் யார் யாரிடம் சொல்வது என்பது அதில் எங்கே இருக்கிறது? பிரான்சிஸ் குரோஸ் 1785-இல் தொகுத்த கொச்சைச்சொல் அகராதியிலேயே இது இடம்பிடித்துவிட்டது. அன்றும் கொச்சை, இன்றும் கொச்சை. நம்மூரில் 'மண்டையைப் போட்டுட்டான்' என்கிறோமே, அதன் இடம். இறந்தவரின் மகளிடம் போய் "உங்கப்பா மண்டையைப் போட்டுட்டார்" என்று எந்த நர்சாவது சொல்வாளா?

அப்போ 'பாஸ்ட் அவே' சொல்லலாமா என்றாள் குளச்சல். பொதுவாகச் சொல்லலாம், மரியாதையான வழக்குதான். ஆனால் மரணச் செய்தியைச் சொல்லப் பழக்குகிறவர்கள் அங்கே 'டைட்' (died, இறந்துவிட்டார்) என்ற நேர்ச்சொல்லைத்தான் சொல்லித்தருகிறார்கள். 'வி லாஸ்ட் ஹிம்' என்றால் பதற்றத்தில் இருக்கிறவர், எங்கே காணாமல் போனார் என்று கேட்டுவிடலாம். நமக்கு இது கொஞ்சம் கஷ்டம். இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், தவறிட்டார் என்று நாம் சுற்றி வளைத்தே பழகியவர்கள். குலசேகரம் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே தயங்கினாள். பிறகு சொன்னாள்.

ஜூன் 17

குளச்சலில் விசைப்படகுக்குத் தடைக்காலம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது ஒரு வேடிக்கை. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சலுக்கு மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால் இந்தப் பிள்ளையின் வீட்டில் ஆண்கள் எல்லாரும் கரையில்தான் இருக்கிறார்கள். அவளுடைய பாட்டா, அதாவது தாத்தா, பாய் கட்டிய கட்டுமரத்தில் போன கடைசித் தலைமுறை. கடல் சம்பந்தப்பட்ட தொடர்களை எடுக்கலாம் என்று நான் சொன்னதும், அவள் பாட்டாவுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள்.

"பாட்டா, பாய்க்கு முன்னால இருந்து காத்து திடீர்னு திரும்பி அடிச்சா என்ன ஆவும்?"

"பாயி மரத்தோட போய் ஒட்டிக்கும் மக்களே. ஓடிட்டிருந்தது அப்படியே நிண்ணு போவும். பிடிச்சிட்டு இருந்தவன் முழிச்சிட்டு நிப்பான்."

'டேக்கன் அபேக்' என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் இல்லை. எதிர்பாராத காற்றில் பாய் பின்வாங்கி, கப்பல் திகைத்து நிற்பது. அதிலிருந்துதான் மனிதர் திகைத்து நிற்பதும் வந்தது.

அடுத்தது 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்'. மூக்குமுட்டக் குடித்தவன். ஷீட் என்றதும் எல்லாருக்கும் கட்டில் விரிப்புதான் ஞாபகம் வருகிறது. சிலர் பாய் என்று நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. பாயின் கீழ்மூலையை இழுத்துக் கட்டுகிற கயிறுக்குத்தான் கப்பலில் ஷீட் என்று பெயர். அந்தக் கயிறுகள் அவிழ்ந்து காற்றில் ஆடினால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். பாட்டா போனிலேயே சிரித்தார். "இங்க கயிறு எல்லாம் கெட்டித்தான் இருக்கு, ஆளுதான் ஆடுது" என்று பக்கத்தில் யாரையோ சொன்னார்.

'லீவே' சொன்னேன். காற்று படகை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவது. குளச்சலுக்கு நேராக வருவதாக நினைத்தால் மணவாளக்குறிச்சியில் கொண்டு விட்டுவிடும் என்றார் அவர். அந்தத் தள்ளலுக்கு இடம் விட்டுத்தான் ஓட்ட வேண்டும். இன்று ஆபீசில் 'கிவ் மீ சம் லீவே' என்றால், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று பொருள்.

'பை அண்ட் லார்ஜ்' என்பதையும் சொன்னேன். காற்றை எதிர்கொண்டு போவது 'பை', பின்காற்றில் போவது 'லார்ஜ்'. இரண்டிலும் சமாளிக்கிற கப்பல் நல்ல கப்பல். அப்படித்தான் 'பொதுவாகப் பார்த்தால்' என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. இது பிள்ளைகளை அவ்வளவாக ஈர்க்கவில்லை. போகட்டும்.

எதிர்த்திசையில் போன சொல்லும் ஒன்று உண்டு. நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரன்'. வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் வந்துவிட்டது. இப்போது அங்கே அந்தப் பெயரில் ஓடுவது இரண்டு உடல் கொண்ட உல்லாசப் படகு. மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம்முடையதற்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. பாட்டாவிடம் அதைச் சொல்லவில்லை.

ஜூன் 22

விவிலியத்திலிருந்து வந்தவை. ராத்திரி குடும்ப ஜெபத்தில் பழைய மொழிபெயர்ப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த பாடம். குளச்சல் கத்தோலிக்கப் பிள்ளை, அவர்கள் வாசிப்பது வேறு மொழிபெயர்ப்பு. சுசீந்திரத்துக்கும் திருவிதாங்கோட்டுக்கும் எல்லாமே புதிது. அதனால் கதையோடு சொல்ல வேண்டியிருந்தது.

'எ டிராப் இன் த பக்கெட்', ஏசாயா 40:15. பழைய தமிழில் 'ஏற்றச்சாலில் தொங்கும் துளி'. ஏற்றம் இறைத்துப் பார்த்தவன் செய்த மொழிபெயர்ப்பு அது! பக்கெட்டுக்கு வாளி என்று போடாமல் சால் என்று போட்டானே. கிணற்றிலிருந்து சால் மேலே வரும்போது அடியில் ஒரு சொட்டுத் தொங்குமே, அதுதான். பேச்சில் யானைப் பசிக்குச் சோளப்பொரி என்போம்.

'பை த ஸ்கின் ஆஃப் மை டீத்', யோபு 19:20. மயிரிழையில் தப்புவது. பல்லுக்கு ஏது தோல் என்று சுசீந்திரம் கேட்டாள். அதுதான் விஷயம், இல்லாத தோல் அளவுக்குத்தான் தப்பியிருக்கிறான் என்று ஒரு விளக்கம் உண்டு. தமிழில் 'என் பற்களை மூடக் கொஞ்சம் தோல்மாத்திரம்' என்று வேறு மாதிரி போகிறது.

மீதி நேரம் முழுக்க 'ஸ்கேப்கோட்' பிடித்துக்கொண்டது. நம் பத்திரிகைகளில் இதற்கு ஈடாக 'பலிகடா' என்றுதான் எழுதுகிறார்கள். லேவியராகமம் 16-ஐ எடுத்துப் பார்த்தால், அங்கே இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுவார்கள். மற்றதன் தலையில் ஆசாரியன் கைவைத்து, ஜனங்களின் பாவத்தையெல்லாம் அதன்மேல் சுமத்தி, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். ஊரார் பழியைச் சுமப்பது இந்த இரண்டாவது ஆடு. வில்லியம் டின்டேல் 1530-இல் ஆங்கிலத்தில் புதிதாக உருவாக்கிய சொல் இந்த ஓடிப்போகிற ஆட்டுக்குத்தான். பழைய தமிழ் விவிலியத்தில் 'போக்காடு' என்று அழகாக இருக்கிறது. நாம் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற ஆட்டைப் பிடித்துக்கொண்டோம். இனி மாற்ற முடியாது, 'பலிகடா' வேரூன்றிவிட்டது. இருந்தாலும் போக்காடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மருந்து மாறிப்போனால் யாரைப் போக்காடு ஆக்குவார்கள் என்று குலசேகரம் கேட்டாள். நர்சைத்தான் என்று நாலு குரல் ஒன்றாக வந்தது.

ஜூன் 23

'பிட்டர் எண்ட்' விட்டுப்போயிற்று. எவ்வளவு கசந்தாலும் கடைசி முடிவுவரை என்று பொருள். இது கடலா, விவிலியமா? நங்கூரக் கயிற்றைச் சுற்றிக் கட்டுகிற தூண் 'பிட்'. கயிற்றின் உள்முனை 'பிட்டர்ஸ் எண்ட்' என்று கேப்டன் ஜான் ஸ்மித் 1627-இல் எழுதியிருக்கிறார். அதுவரை கயிற்றை விட்டாயிற்று என்றால் இனி விடக் கயிறு இல்லை. இன்னொரு பக்கம், நீதிமொழிகள் 5:4-இல் முடிவு எட்டியைப்போலக் கசக்கும் என்று வருகிறது. இரண்டும் கலந்திருக்கலாம். நான் கயிற்றின் பக்கம்.

ஜூலை 1

மாதிரிப் பரீட்சை. பேச்சுத் தேர்வில் இரண்டு சூழல். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. நான் நோயாளி, அவர்கள் நர்சு. குளச்சலுக்கு வந்த அட்டையில் புற்றுநோய் சிகிச்சை தொடங்கப்போகிற ஐம்பது வயதுப் பெண். பிள்ளை நன்றாகத்தான் ஆரம்பித்தாள். திடீரென்று, "டோன்ட் வொரி, யூ வில் பி ரைட் ஆஸ் ரெயின்" என்றாள்.

சுகமாகிவிடுவீர்கள் என்று அர்த்தம்தான். ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும்? டாக்டரே கொடுக்காத வாக்கு அது. ஜலதோஷக்காரரிடம் சொல்லலாம். 'டச் அண்ட் கோ' என்பதும் இப்படித்தான். கப்பலின் அடி தரையைத் தொட்டு, நல்லவேளையாக நகர்ந்து போவது. ஒரு நோயாளி பிழைப்பதே சந்தேகம் என்று டாக்டர் உங்களிடம் சொல்லும்போது வரும். அதைக் கொண்டுபோய் வீட்டாரிடம் அப்படியே சொல்லிவிடக் கூடாது.

திருவிதாங்கோடு ஒரு மரபுத்தொடர்கூடச் சொல்லவில்லை. "நீங்க எதுக்கு அதிகமா பயப்படுறீங்க?" என்று ஆங்கிலத்தில் எளிமையாகக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை பேசாமல் இருந்தாள். வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்குத்தான் போட்டேன். மற்றவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஜூலை 6

போன வருஷம் படித்துவிட்டு இங்கிலாந்து போன பிள்ளை வாட்ஸாப்பில் கேட்டிருக்கிறாள். எண்பது வயது நோயாளி ராத்திரியில் 'ஐ'ம் ஆல் அட் ஸீ' என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். கடலுக்குப் போனவரோ என்று நினைத்தாளாம்.

நடுக்கடலில் விட்ட மாதிரி இருக்கிறது என்று நாமும் சொல்வோமே, ஒன்றும் புரியாமல் குழம்பியிருக்கிறார் என்று பதில் போட்டேன். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோள் குறிக்குள் குறிப்பில் எழுது. இது என்ன இடம், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டுப் பார் என்றும் சொன்னேன்.

சாயங்காலம் பதில் வந்தது. கிழமையும் தெரியவில்லை, இருப்பது ஆஸ்பத்திரி என்பதும் தெரியவில்லையாம். நேற்று வரைக்கும் தெளிவாக இருந்தவர். டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறாள். வயதானவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று மூத்திரப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.